பதினேழாம் டப்பி

போன் அடித்தது.

பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலை. அதன் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர் டிரேவர் உடனே ரிசீவரை எடுக்கவில்லை. மூன்று முறை அடிக்க விட்டான்.

சட்டென்று எடுத்தால் காத்திருந்தவன் மாதிரி தெரியுமே...

அவன் இரண்டு நாளாக இந்த போனுக்குத்தான் காத்திருந்தான்.

"ஹலோ..."

"டிரேவர் சாரா? நான் பாஞ்சாலி பேசறேன்... ஜீவனஹள்ளிலருந்து. ஓஸ்வால்ட் ஐயா வூட்டுல வேலை செய்யறேனே..."

"சொல்லு பாஞ்சாலி. என்ன விஷயம்?"

"சனிக்கிழம ஊருக்குப் போயிட்டு இன்னிக்குத்தான் சார் வந்தேன். கதவு சும்மா சாத்தியிருந்துச்சு. உள்ள போயி பாத்தா ஐயா கீழ வுழுந்து கெடக்குறாரு. பக்கத்துல ஸ்டூலு. உசுரு போயி ரெண்டு நாளு இருக்கும் போல சார்..."

டிரேவர் நாற்காலியை விட்டு எழுந்தான். பக்கத்து மேஜைக்காரர் பார்ப்பது தெரிந்ததும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"மாமா..." என்றான்.

குரல் சரியான இடத்தில் உடைந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் இரண்டு தடவை பழகியிருந்தான்.

ஓஸ்வால்ட், டிரேவருடைய அம்மாவின் ஒரே அண்ணன். அறுபத்தெட்டு வயது. கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவரைத் திங்கட்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்குக் கொன்றவன் டிரேவர்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை நமக்கு வேண்டாம். முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டோம்.

எதற்காகக் கொன்றான்?

ஒரே ஒரு ரூபாய்க்காக...

*

1998-ம் வருஷத்து ஆகஸ்ட் மாதம். ஜீவனஹள்ளிச் சந்தில் கணுக்கால் அளவு மழைத் தண்ணீர்.

இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பா பிணத்தின் பக்கத்தில் இல்லை. மூலையில் இருந்த இரும்பு பீரோவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கான்ஸ்டபிள் மஞ்சுநாத் மூக்கில் கைக்குட்டையோடு வாசலில் நின்றான்.

"நீங்கதானா மருமகன்? பன்னி... வாங்க." கிருஷ்ணப்பாவுக்குத் தாய்மொழி கன்னடம். கன்டோன்மென்ட் ஸ்டேஷன்களில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியதில் தமிழ் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"விழுந்துட்டாரா சார்?"

"பரண்லருந்து எதையோ எடுக்கப் போயிருக்காரு. ஸ்டூல் ஆடியிருக்கு. தலை இந்த மேஜை மூலையில பட்டிருக்கு. அப்படித்தான் தெரியுது."

அப்படியே தெரியட்டும் என்று நினைத்தான் டிரேவர்.

"ஆனா இந்தப் பெட்டியைப் பாத்தா வேற மாதிரி தெரியுது..."

டிரேவரும் எட்டிப் பார்த்தான்.

பீரோவுக்குள் ஒரு காற்றுப் புகாத பெட்டி. அதற்குள் வரிசை வரிசையாகக் கண்ணாடி மாதிரி வட்ட டப்பிகள். டப்பிக்கு ஒரு காசு. நான்கு மூலையிலும் நடுவிலும் சின்னச் சின்னத் துணிப் பொட்டலங்கள்.

"இது என்ன?"

"மாமா பழைய காசு சேக்கறவரு சார். நாப்பது வருஷமா."

"காசு எனக்கும் தெரியுது. இந்தப் பொட்டலம்?"

"சிலிக்கா ஜெல். காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும். ஈரம் பட்டா காசு கெட்டுப் போயிடும்."

"இப்ப என்ன கலர்ல இருக்கு?"

"ரோஸ்..."

கிருஷ்ணப்பா ஒரு நீல அட்டை நோட்டைப் பிரித்தார். "உங்க மாமா ஒன்னு விடாம எழுதி வெச்சிருக்காரு. கேளுங்க. 'ஞாயிறு. பொட்டலம் ஐந்தையும் சூடு காட்டி உலர்த்தினேன். நல்ல நீலம். பெட்டியை மூடினேன்.' காஞ்சிருந்தா நீலம். ஈரம் குடிச்சா ரோஸ். ஞாயித்துக்கிழமை நீலம். இன்னிக்குப் புதன், ரோஸ். மூடின பெட்டிக்குள்ள மழை எப்படி சார் போச்சு?"

டிரேவர் பெட்டியின் மூடியைப் பார்த்தான்.

க்ளிப்... அவசரத்தில் ஒரு பக்கத்து க்ளிப்பை அவன் சரியாக அழுத்தவில்லை.

"ஒரு க்ளிப் பாதி தொறந்து இருந்துச்சு" என்றார் கிருஷ்ணப்பா. "நாப்பது வருஷம் காசைக் கண்ணு மாதிரி பாத்துக்கிட்டவரு க்ளிப் போட மறப்பாரா?"

"வயசாச்சு சார்... மறதி."

"ஹௌது. வயசாச்சு."

வாய் ஒப்புக்கொண்டது. கண் ஒப்புக்கொள்ளவில்லை.

மறுநாள் அடக்கம். கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது கோயில் ஆபீஸ் கிளார்க் மதலைமுத்து டிரேவரின் தோளைத் தட்டினார்.

"பெரிய எழப்பு தம்பி. மாதா கோயில் உண்டியல்ல பழைய காசு எது வுழுந்தாலும் உங்க மாமாதான் வந்து பிரிச்சுக் குடுப்பாரு. இந்தத் திருநாளுக்கு யார கூப்பிடறதுன்னே தெரியல."

டிரேவர் காதில் அது சரியாக விழவில்லை. விழுந்திருக்க வேண்டும்.

*

திங்கட்கிழமை மத்தியானம் நடந்தது இதுதான்.

டிரேவர் ஆலையில் அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். ஓஸ்வால்ட் பதினேழாம் டப்பியைத் திறந்து, உள்ளே இருந்ததை இரண்டு விரல்களால் ஓரத்தை மட்டும் பிடித்து, வெளிச்சத்தில் காட்டினார்.

விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய். மாதிரிக்கென்று அச்சடித்து, புழக்கத்துக்கு விடாமல் நிறுத்திக்கொண்ட காசு. வெள்ளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நாவல்பழத் தோல் மாதிரி நீலம் பாய்ந்த கறுப்பு.

"இந்தக் கறுப்புதான்டா இதோட வெலை" என்றார் ஓஸ்வால்ட். "நூறு வருஷத்துக்கு மேல ஒருத்தன் கையும் படலன்னு இதுவே சாட்சி சொல்லுது. இத ஒரு தடவ கழுவினா போச்சு. அப்புறம் இது வெறும் ஒரு தோலா வெள்ளி."

டிரேவருக்கு இதெல்லாம் மனப்பாடம். பன்னிரண்டு வயதில் ஒரு காசைச் சட்டையில் துடைத்ததற்கு இதே மாமாவிடம் கன்னத்தில் அறை வாங்கியவன் அவன். மெத்து மெத்தென்ற பிளாஸ்டிக் கவரில் போடாதே, நாலு வருஷத்தில் பச்சையாக வேர்க்கும். ரப்பர் பேண்ட் ஆகாது. நியூஸ்பேப்பர் ஆகாது. மர அலமாரி ஆகவே ஆகாது, மரம் மூச்சு விடும்.

"அந்த மெல்போர்ன் ஆளு இன்னும் கேக்கறான் மாமா. இது ஒன்னக் குடுத்தா போதும். நானும் சோஃபியாவும் ஆஸ்திரேலியா போயி ஒரு வீடு வாங்கி உக்காந்துடலாம்."

"அடுத்த வாரம் மொத்தப் பெட்டியும் மியூசியத்துக்குப் போகுது. எழுதிக் குடுத்தாச்சு."

"எனக்கு ஒன்னு கூட இல்லியா?"

"உனக்கு வெச்சிக்கத் தெரியாது டிரேவர். காசு கையில வர்றது பெருசில்ல. கெடாம வெச்சிக்கறதுதான் பெருசு."

கையை நீட்டி ஒரே தள்ளு. மேஜை மூலை மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது.

டிரேவர் அழவில்லை. அழுகை வரும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்தான்; வரவில்லை. விழுந்திருந்த காசை, கற்றுக்கொடுத்தபடியே, ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்து வெள்ளைத் துணியில் சுற்றினான். அவென்யூ ரோடு நடைபாதையில் வாங்கி வைத்திருந்த சாதாரணப் பழைய ரூபாய் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, பதினேழாம் டப்பிக்குள் கட்டைவிரலால் அமுக்கினான். ஸ்டூலைக் கவிழ்த்தான். பெட்டியையும் பீரோவையும் மூடிவிட்டுத் தெருவில் இறங்கினான்.

இனி ஒரு வருஷம். விசா வரும்வரை அந்தக் காசு யார் கண்ணிலும் படக் கூடாது. கெடவும் கூடாது. கெட்டால் கொலை செய்தது தண்டம்.

எங்கே வைப்பது?

சமையலறையில் ஆவி. அலமாரி தேக்கு மரம். பேங்க் லாக்கர் என்றால் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட வேண்டும். ஆலை கேட்டில் தினமும் சோதனை... ராத்திரியில் கண்ணை மூடினால் மாமாவின் குரல் ஒவ்வொரு இடமாக அடித்துக்கொண்டே வந்தது. உயிரோடு இருந்தபோது கூட அவர் அவனிடம் இவ்வளவு பேசியதில்லை.

கடைசியில் நடு ஹாலில் இருந்த மாதா சிலையைப் பார்த்தான்.

அம்மா காலத்துச் சுரூபம். இரண்டடி உயரம். உள்ளே வெறும் கூடு. ஈரமில்லை, மரமில்லை, யாரும் கை வைக்கப் போவதில்லை. ஆலையில் பேக்கிங்குக்கு வருகிற வெள்ளை சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி எடுத்துவந்து தனிப் பொட்டலமாகக் கட்டினான். காசு முடிச்சையும் பொட்டலத்தையும் சேர்த்துச் சுரூபத்தின் வயிற்றுக்குள் வைத்தான்.

மாமா பார்த்திருந்தால் சபாஷ் என்றிருப்பார்.

*

அடுத்த வாரம் காக்ஸ் டவுனில் டிரேவர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது.

கிருஷ்ணப்பா வந்திருந்தார். கூடவே ஒரு ஒல்லியான கிழவர்.

"இவரு சேஷகிரி. அவென்யூ ரோட்டுல பழைய காசு யாவாரம். உங்க மாமாவுக்கு முப்பது வருஷ சிநேகிதம்."

டிரேவரின் மனைவி சோஃபியா காபி கொண்டுவந்தாள். ஒரு நர்சரி ஸ்கூலில் டீச்சர். அதிர்ந்து பேசத் தெரியாதவள். இன்ஸ்பெக்டர் சோபாவில் உட்கார்ந்தார். மாதாவுக்கு நேர் எதிரே.

"சொல்லுங்க சேஷகிரி."

"பெட்டி முழுக்க நோட்டை வெச்சுச் சரிபார்த்தேன்" என்றார் சேஷகிரி. "பதினேழாம் டப்பியில இருக்க வேண்டியது இல்லை. அதுக்குப் பதிலா ஒரு சல்லிக் காசு. யாரோ மாத்தியிருக்கா."

"ஐயோ" என்றாள் சோஃபியா. "அப்ப மாமா தானா வுழலியா?"

"அதுக்குத்தாம்மா வந்தோம்" என்றார் கிருஷ்ணப்பா. "டிரேவர் சார், திங்கட்கிழமை எங்க இருந்தீங்க?"

"பீன்யாவுல... ஆலையில. முழு நாளும்."

பொய் சுத்தமாக வந்தது.

"அந்தக் காசு கிடைச்சா அடையாளம் சொல்ல முடியுமா?" டிரேவரே கேட்டான். அக்கறையுள்ள மருமகன் கேட்க வேண்டிய கேள்வி அல்லவா?

"நன்னா முடியும். ராணி காதுக்குக் கீழே கடுகு அளவு ஒரு பள்ளம். நோட்டுல படமே போட்டு வெச்சிருக்கார்." சேஷகிரி காபியை ஆற்றினார். "எடுத்தவன் வெவரம் தெரிஞ்சவனா இருந்தா பத்திரமா வெச்சிருப்பான். அந்தப் பாவியை அதுக்காகவாவது வேண்டிக்கறேன்."

கிருஷ்ணப்பா எழுந்து மாதாவிடம் போனார். பக்கத்தில்... இன்னும் பக்கத்தில். கையை நீட்டினார்.

டிரேவர் இருக்கையை விட்டுப் பாதி எழுந்தான்.

இன்ஸ்பெக்டர் சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"எங்க வீட்டுலயும் வருஷா வருஷம் சிவாஜிநகர் மாதா ஜாத்ரைக்கு... திருநாளுக்குப் போவாங்க. சக்தி உள்ளவங்க." செருப்பை மாட்டிக்கொண்டார். "அவங்களே காட்டிக் குடுப்பாங்க பாருங்க."

ஜீப் சத்தம் தேய்ந்தபிறகுதான் டிரேவர் கதவைச் சாத்தினான்.

அதன்பின் அவன் சுரூபத்தின் பக்கமே போகவில்லை. தொட்டால் சோஃபியா பார்ப்பாள். பார்த்தால் கேட்பாள். இருக்கிற இடத்தில் இருக்கட்டும் என்று இரவும் பகலும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

*

செப்டம்பர் எட்டு. மாதா பிறந்த திருநாள்.

பெங்களூர்க் கத்தோலிக்க வீட்டில் பால்குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரிந்த தேதி. ஆனால் டிரேவர் கோயில் வாசலை மிதித்து ஆறு வருஷம் ஆகிறது. ஆலைக்கு விடுமுறை இல்லாத நாள் எதுவும் அவனுக்குத் திருநாள் இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தான். ஹாலில் மல்லிகைப்பூ வாசனை. மாதா புது நீலப் பட்டுச் சேலையில் இருந்தாள்.

சுரூபம் நான்கு அங்குலம் வலது பக்கமாக நகர்ந்திருந்தது.

"சோஃபி..." உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "மாதாவ யாரு நகத்தினது?"

"நான்தாங்க." திருநாளுக்கென்று உடுத்துகிற காவி நிறச் சேலையில், தேர் பார்க்கக் கிளம்பத் தயாராக, சோஃபியா உள்ளேயிருந்து வந்தாள். "கொடியேத்தத்துக்கு முந்தின நாளே எறக்கித் தொடைச்சு வெச்சுட்டேன். இன்னிக்குக் காலையிலதான் சேலை மாத்தினேன். உங்க அம்மா வருஷா வருஷம் செய்வாங்களே? மறந்துட்டீங்களா?"

டிரேவர் சுரூபத்தைச் சாய்த்தான். கூட்டுக்குள் கையை விட்டான்.

காலி.

"இதுல ஒரு முடிச்சு இருந்துச்சே..."

"நானே உங்களக் கேக்கணும்னு இருந்தேன்." சோஃபியாவின் கண் கலங்கியது. "இத்தன வருஷமா கோயிலுக்கு வரலன்னாலும், மாமா செத்ததுக்கப்புறம் உங்க மனசு மாறியிருக்கு. எங்கிட்ட சொல்லாம மாதாவுக்கு நேந்து காசு முடிஞ்சு வெச்சிருக்கீங்க. உப்புப் பொட்டலம் வேற."

"உப்பா?"

"வெள்ளையா கல்லுப்பு. காணிக்கைக்கு உப்பு கொட்டறது வழக்கம்தானே? கொடிமரத்தடியில கொட்டிட்டேன். நேந்துகிட்டத செலுத்தாம வெச்சிருந்தா குடும்பத்துக்கு ஆகாதுங்க. அதனால காசையும் நானே..."

"காச என்ன செஞ்ச?"

"கோயில்லதான் குடுத்தேன். ரொம்ப அழுக்கா, கரி புடிச்சாப்ல இருந்துச்சு. அப்படியே மாதாவுக்குக் குடுக்க மனசு வரல. புளித்தண்ணியில ஊறப்போட்டு, பல்பொடி போட்டு நல்லாத் தேச்சேன். என்னமா மின்னுச்சு தெரியுமா..."

"கழுவிட்டியாடி!"

அக்கம்பக்கம் கேட்கக் கத்தினான் டிரேவர். "நூறு வருஷத்துக் கறுப்புடி அது... அதுதான்டி அதோட வெலை! அதுக்காக நான் என்ன காரியமெல்லாம் செஞ்சேன் தெரியுமா உனக்கு?"

"தெரியாது. சொல்லுங்க, கேப்போம்" என்றது ஒரு குரல்.

வாசலில் கிருஷ்ணப்பா. அவருக்குப் பின்னால் மஞ்சுநாத்.

தூரத்தில் எங்கோ வேட்டு வெடித்தது.

கிருஷ்ணப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு டப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தார். உள்ளே விக்டோரியா ராணி, நேற்றுக் கடையில் வாங்கிய எவர்சில்வர் ஸ்பூன் மாதிரி பளபளவென்று இருந்தாள்.

"இந்த வருஷம் உங்க மாமா இல்ல. அதனால காணிக்கையில வந்த பழைய காசைப் பிரிக்க மதலைமுத்து சேஷகிரியைக் கூப்பிட்டிருக்காரு. அந்தப் பெரியவர் இதைக் கையில எடுத்துட்டு அழுதுட்டாரு. எல்லாம் போயிருந்துச்சு. காதுக்குக் கீழ பள்ளம் மட்டும் போகல."

"ஆயிரம் பேரு காணிக்கை போடறாங்க" என்றான் டிரேவர். "அது எங்க வீட்டுக் காசுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"உண்டியல்ல சும்மா போட்டிருந்தா சொல்லியிருக்க முடியாது." கிருஷ்ணப்பா ஒரு காணிக்கைக் கவரை எடுத்து நிதானமாகப் படித்தார். "'ஓஸ்வால்ட் மாமாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. செலுத்துவது, மருமகன் டிரேவர், காக்ஸ் டவுன்.'"

சோஃபியா கவரை எட்டிப் பார்த்தாள்.

"நான்தான் எழுதினேன்..." என்றாள். "பூசையில பேரு வாசிப்பாங்கன்னு..."

"வாசிச்சாங்கம்மா. எல்லாரும் மாமா மேல மருமகனுக்கு எவ்வளவு பாசம்னு சொன்னாங்களாம்." கிருஷ்ணப்பா டிரேவரைப் பார்த்தார். "பீன்யாவுல கேட்டாச்சு. திங்கட்கிழமை பன்னெண்டரைக்கு அவுட்பாஸ். அப்புறம் அந்த சல்லிக் காசு... அது மேல நல்ல அழுத்தமா ஒரு கட்டைவிரல் ரேகை. ஓஸ்வால்ட் காசு முகத்த ஆயுசுல தொட்டதில்ல. ரேகை அன்னிக்கே கெடச்சிடுச்சு. ஒத்துப் பாக்க ஒரு பேருதான் வேணும்னு இருந்தேன். உங்க சம்சாரம் கவர்லயே எழுதிக் குடுத்துட்டாங்க."

டிரேவர் தன் கட்டைவிரலைப் பார்த்தான். விலை உள்ளதை ஓரமாகப் பிடித்தவன், விலை இல்லாததை விரலால் அமுக்கியிருந்தான்.

"அவரு தானாத்தான் விழுந்தாரு..." என்று ஆரம்பித்தான். பாதியில் நிறுத்திக்கொண்டான். சோஃபியாவின் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

அவள் அழவில்லை. "மாமாவ நீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் மாதாவின் பக்கம் திரும்பி, நகர்ந்திருந்த சுரூபத்தைப் பழைய இடத்தில் நேராக வைத்தாள்.

மஞ்சுநாத் விலங்கோடு நெருங்கினான்.

"மெதுவா மஞ்சுநாத்" என்றார் கிருஷ்ணப்பா. "இவரையும் ரொம்ப வருஷம் பத்திரமா வெச்சிருக்கணும். ஓரமா புடிச்சுக் கூட்டிட்டு வா!"